யோனாவின் கதை: மீனைத் தாண்டி வாசிக்க ஒரு வழிகாட்டி

யோனா என்றதும் எல்லோருக்கும் மீன்தான் நினைவுக்கு வருகிறது. ஞாயிறு பள்ளிக்குப் போனவர்களுக்கு வாயைப் பிளந்து நிற்கும் திமிங்கலத்தின் வண்ணப்படம். முஸ்லிம் வீடுகளில் யூனுஸ் நபி மீன் வயிற்றில் இருந்தபடி கேட்ட துஆ. எனக்கும் சிறு வயதில் அந்தப் படம் மட்டும்தான் தெரியும். பல வருஷம் கழித்து முழுக் கதையையும் வாசித்தபோது எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 48 வசனங்கள். மீன் தலைகாட்டுவது மூன்றே வசனங்களில். அதுவும் திமிங்கலம் இல்லை. எபிரேய மூலத்தில் 'தாக் காதோல்' என்றிருக்கிறது: பெரிய மீன், அவ்வளவுதான்.

எபிரேயம் தெரியாத, வேதப் படிப்பு எதுவும் இல்லாத, ஆனால் யூதர்களின் பழைய வேதக் கதை ஒன்றைப் பொறுமையாக வாசித்துப் பார்க்க ஆசைப்படுகிற ஒருவருக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படி ஆரம்பித்தவன்தான். யூத வேதமான தனாக்கில் இதைவிடப் புகழ்பெற்ற கதைகள் நிறைய உண்டு. யோனாவை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், இது நான்கே அதிகாரம். ஒரு மாலைப்பொழுது கிடைத்தால் போதும்.

முதலில் ஒரே மூச்சில்

தமிழில் இரண்டு மொழிபெயர்ப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று, சீர்திருத்தச் சபைகளில் புழங்கும் பழைய மொழிபெயர்ப்பு. இன்னொன்று, 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு, அதாவது திருவிவிலியம். இரண்டுமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முதல் தடவை ஒன்றை மட்டும் எடுத்து, எங்கேயும் நிற்காமல், அடிக்குறிப்பு பார்க்காமல், கடைசிவரை வாசித்துவிடுங்கள்.

கதை இதுதான். "எழுந்து நினிவேக்குப் போ, அந்த ஊரின் தீமை என்னை எட்டிவிட்டது என்று அறிவி" என்று கடவுள் சொல்கிறார். யோனா எழுந்து நேர் எதிர்த் திசையில், யாப்பா துறைமுகத்துக்குப் போய்க் கப்பல் ஏறுகிறார். நடுக்கடலில் புயல். சீட்டுப் போட்டதில் யோனாவின் பெயர் விழுகிறது. "என்னைத் தூக்கிக் கடலில் போடுங்கள்" என்கிறார். போட்டதும் கடல் அடங்குகிறது. மீன் விழுங்குகிறது, மூன்று நாள் கழித்துக் கரையில் கக்குகிறது. மறுபடியும் அதே கட்டளை. இந்த முறை நினிவேக்குப் போய், "இன்னும் நாற்பது நாள், நினிவே கவிழும்" என்கிறார். ஊரே மனம் திரும்புகிறது. கடவுள் தண்டனையைக் கைவிடுகிறார்.

படப்புத்தகம் இங்கே முடிந்துவிடும். மூலக் கதைக்கு இன்னும் ஒரு அதிகாரம் இருக்கிறது. ஊர் பிழைத்ததற்காக யோனா கோபப்படுகிறார், செத்துப்போகலாம் என்கிறார். ஊருக்கு வெளியே பந்தல் போட்டு உட்கார்ந்து, என்ன நடக்கிறது பார்க்கலாம் என்று காத்திருக்கிறார். ஒரே இரவில் முளைத்த செடி நிழல் தருகிறது. மறுநாள் புழு அரித்து அது வாடிவிடுகிறது, அதற்கும் சாகத் துணிகிறார். கடவுள் ஒரு கேள்வி கேட்கிறார். யோனாவின் பதில் இல்லை. கதை அந்தக் கேள்வியோடு நின்றுவிடுகிறது.

மீன் வயிற்றில் ஒருவர் மூன்று நாள் உயிரோடு இருக்க முடியுமா என்ற கேள்வி உங்களுக்குள் எழும். தப்பில்லை. ஆனால் இப்போதைக்கு அதை ஓரமாக வையுங்கள். அதைப் பிடித்துக்கொண்டால் நம்புகிறவரும் நம்பாதவரும் சேர்ந்து மீனோடேயே நின்றுவிடுவார்கள். நான்காம் அதிகாரத்துக்கு யாரும் வந்து சேரமாட்டார்கள்.

எண் விஷயத்தில் ஒரு சிறு எச்சரிக்கை. மீன் விழுங்கும் வசனம் நம் பழைய மொழிபெயர்ப்பில் 1:17. எபிரேயத்தில் அது 2:1. ஆகவே யூத உரைகளைத் தேடும்போது இரண்டாம் அதிகாரம் முழுக்க ஓர் எண் தள்ளியே வரும். தெரியாமல் போனால் வீணாகக் குழம்புவோம்.

கையில் பென்சில்

இரண்டாவது வாசிப்புதான் உண்மையான வேலை. பழைய எபிரேயக் கதைகள் மனித மனதை வர்ணிப்பதில் மகா கஞ்சம். யோனா எப்படி இருந்தார், எத்தனை வயது, கப்பலில் ஏறும்போது என்ன நினைத்தார், எதுவும் இல்லை. அதற்குப் பதில் அவை ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் போடும். அந்தச் சொல் எங்கெல்லாம் வருகிறது என்று பின்தொடர்ந்தால் கதாசிரியர் சொல்லவந்தது பிடிபடும். சிக்கல் என்னவென்றால், மொழிபெயர்ப்பாளர்கள் அந்தந்த இடத்துக்குப் பொருந்தும் சொல்லைப் போட்டுவிடுவதால் அந்தச் சரடு அறுந்துவிடுகிறது. அதனால்தான் இரண்டு மொழிபெயர்ப்பு வேண்டும் என்றேன். இரண்டும் எங்கே வேறுபடுகின்றனவோ, அங்கே அடியில் என்ன எபிரேயச் சொல் இருக்கிறது என்று பாருங்கள். செஃபாரியா என்ற தளத்தில் எபிரேய மூலமும் ஆங்கிலமும் பக்கம் பக்கமாக இருக்கும். எழுத்துத் தெரியாவிட்டாலும் ஒரே சொல்லின் உருவத்தைக் கண்ணால் அடையாளம் காணப் பழகிவிடலாம். எனக்கு இரண்டு மூன்று நாள் பிடித்தது.

மூன்று சொற்களைக் காட்டுகிறேன்.

முதல் சொல், 'யாரத்', இறங்குதல். கடவுள் சொன்னது "எழு". யோனா எழுகிறார், பிறகு இறக்கம்தான். யாப்பாவுக்கு இறங்குகிறார். கப்பலுக்குள் இறங்குகிறார். கப்பலின் அடித்தட்டுக்கு இறங்கிப் படுக்கிறார். அங்கே அவர் ஆழ்ந்து தூங்கினார் என்பதற்கு வரும் சொல் 'வய்யேராதம்'. 'இறங்கினார்' என்பதற்கான 'வய்யேரெத்' போலவே காதில் விழும். தூக்கமும் ஓர் இறக்கம்தான். மீன் வயிற்றிலிருந்து செய்யும் பிரார்த்தனையில் "மலைகளின் அடிவேர்வரை இறங்கினேன்" என்று அவரே சொல்லிக்கொள்கிறார். இதற்கு நடுவில் கப்பல் தலைவன் வந்து தட்டி எழுப்புகிறானே, அவன் என்ன சொல்கிறான் தெரியுமா? "எழு, கூப்பிடு". கடவுள் முதல் வசனங்களில் சொன்ன அதே இரண்டு வினைகள். யாரிடமிருந்து ஓடிவந்தாரோ அவருடைய குரல் முன்பின் தெரியாத மாலுமியின் வாயிலிருந்து வருகிறது. முதன்முதலில் இதைக் கவனித்த அன்று புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாவது சொல், 'ராஆ'. தீமை, கேடு, துன்பம் எல்லாம் இந்த ஒரே சொல்தான். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இது அக்கிரமம், ஆபத்து, தீங்கு, விசனம் என்று இடத்துக்கு இடம் வேறு வேறு உடையில் வருகிறது. எல்லாவற்றையும் 'தீமை' என்றே வைத்து வாசித்துப் பாருங்கள். நினிவேயின் தீமை கடவுளை எட்டியது. கப்பலில் இருப்பவர்கள், இந்தத் தீமை யாரால் வந்தது என்று கேட்கிறார்கள். நினிவே மக்கள் தங்கள் தீமையான வழியை விட்டுத் திரும்பினார்கள். கடவுளும் செய்வதாக இருந்த தீமையை விட்டார். அடுத்த வசனம், நான்காம் அதிகாரத்தின் முதல் வரி: யோனாவுக்கு அது பெரும் தீமையாகத் தீயதாயிற்று. ஊரும் விட்டுவிட்டது, கடவுளும் விட்டுவிட்டார். இப்போது அந்தத் தீமை உட்கார்ந்திருப்பது தீர்க்கதரிசியின் நெஞ்சில். கதாசிரியர் இதை விளக்கி ஒரு வரி எழுதவில்லை. சொல்லை நகர்த்தினார், அவ்வளவுதான்.

மூன்றாவது, 'ஹாஃபாக்', கவிழ்த்தல். யோனாவின் பிரசங்கம் எபிரேயத்தில் ஐந்தே சொற்கள், கடைசிச் சொல் 'நெஹ்பாகெத்'. சோதோம் நகரத்தைக் கடவுள் அழித்ததற்கு ஆதியாகமத்தில் வருவது இதே வினைதான். ஆனால் அதற்கு முற்றிலும் மாறிப்போதல் என்றும் பொருள் உண்டு. தமிழில் 'தலைகீழாகிவிட்டது' என்கிறோமே, வீடும் தலைகீழாகலாம், ஒருவரின் வாழ்க்கையும் தலைகீழாக மாறலாம்; கிட்டத்தட்ட அப்படி. நினிவே இடிந்து கவிழவில்லை, ஆனால் மாறிப்போனது. அப்படியானால் யோனா சொன்னது பலித்ததா, பொய்த்ததா? அவர் ஒன்றை நினைத்துச் சொன்னார், அவர் சொன்ன சொல் இன்னொன்றாகப் பலித்தது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் நாற்பது நாளுக்குப் பதில் மூன்று நாள் என்று இருக்கிறது. கவிழும் என்பது மட்டும் அங்கேயும் உண்டு.

இன்னும் நிறைய இருக்கிறது. 'காதோல்', பெரிய: பெரிய நகரம், பெரிய காற்று, பெரிய பயம், பெரிய மீன், பெரிய தீமை, கடைசியில் ஒரு செடிக்காகப் பெரிய சந்தோஷம். கதை முழுக்க யோனா சந்தோஷப்படுவது அந்தச் செடிக்காக மட்டும்தான். மீனையும் செடியையும் புழுவையும் சூடான கீழ்க்காற்றையும் கடவுள் அனுப்புவதற்கு ஒரே வினை, 'நியமித்தார்'. நான்கும் அவரவர் வேலையைச் சொன்னபடி செய்கின்றன. சொன்னபடி செய்யாதவர் ஒருவர்தான். இவற்றை நீங்களே தேடி அடிக்கோடு போடுங்கள், அதுதான் சுவை.

அந்தச் செடி

சின்னதாக ஒரு விலகல். நிழல் தந்த செடியின் பெயர் எபிரேயத்தில் 'கீக்காயோன்'. வேதத்தில் வேறெங்கும் வராத சொல். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இதை ஆமணக்கு என்கிறது. இன்றைக்கும் பலர் ஏற்கும் விளக்கம் அது; யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் 'கீக்' எண்ணெய் என்று ஒன்று வருகிறது, விளக்கெண்ணெய் என்றே அதை எடுத்துக்கொள்கிறார்கள். பழைய லத்தீன் மொழிபெயர்ப்பு சுரைக்கொடி என்றது. ஜெரோம் என்ற கிறிஸ்தவ அறிஞர் லத்தீனில் புதிதாக மொழிபெயர்த்தபோது ஐவி என்ற கொடியாக மாற்றினார். லிபியாவின் இன்றைய திரிப்போலியான ஓயா நகரத்தில் ஆயர் ஒருவர் அந்தப் புது மொழிபெயர்ப்பைச் சபையில் வாசிக்க, கேட்டுப் பழகிய சொல் மாறிவிட்டது என்று மக்கள் கொந்தளித்துவிட்டார்கள். இன்னொரு ஆயரான அகுஸ்தீன் 403இல் இதை ஜெரோமுக்கே கடிதமாக எழுதினார். ஒரு செடியின் பெயருக்காக! ஆனால் இதை வாசித்தபோது எனக்கு அந்த மக்கள்மேல் மரியாதைதான் வந்தது. அவர்கள் அவ்வளவு கவனமாகக் கேட்டிருக்கிறார்கள்.

ஏன் ஓடினார்?

சொற்களுக்கு அடுத்து, கதை வாயை மூடிக்கொள்ளும் இடங்களைத் தேடுங்கள். யோனாவில் மிகப் பெரிய மௌனம் மூன்றாம் வசனத்திலேயே வந்துவிடுகிறது. அவர் ஏன் ஓடினார் என்று சொல்லப்படவே இல்லை. நாமாகவே 'பயந்துவிட்டார்' என்று நிரப்பிக்கொள்வோம். கதாசிரியர் அதைத்தான் எதிர்பார்க்கிறார் என்று நினைக்கிறேன், ஏனென்றால் நான்காம் அதிகாரம்வரை நம்மை அப்படியே விட்டுவிட்டு, பிறகுதான் காரணத்தை யோனா வாயாலேயே சொல்லவைக்கிறார்: "நீர் இரக்கமும் கனிவும் உள்ளவர், சீக்கிரம் கோபப்படாதவர், பேரன்பு மிக்கவர், தீமை செய்ய நினைத்தாலும் மனம் இளகுகிறவர் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் ஓடினேன்."

பயம் இல்லை. கடவுள் மன்னித்துவிடுவாரே என்ற கோபம்.

இந்த வரியை யாத்திராகமம் 34:6-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சீனாய் மலையில் கடவுள் தன்னைப் பற்றி அறிவிக்கும் புகழ்பெற்ற வரி அது. யோனா கிட்டத்தட்ட அப்படியே ஒப்பிக்கிறார், ஆனால் ஓரிடத்தில் விலகுகிறார். அங்கே 'பேரன்பும் எமெத்தும்' என்று இருக்கிறது. எமெத் என்றால் உண்மை. யோனா சொல்லும்போது எமெத்துக்குப் பதிலாக 'மனம் இளகுகிறவர்' வந்துவிடுகிறது. (யோவேல் புத்தகத்திலும் இதே மாற்றம் உண்டு, அங்கே அது ஆறுதலாக ஒலிக்கிறது.) யோனாவின் தந்தை பெயரைப் பாருங்கள்: அமித்தாய். எமெத் என்ற அதே வேரிலிருந்து வரும் பெயர். உண்மையின் மகன் என்று பெயர் வைத்திருப்பவர், கடவுளின் பட்டியலில் உண்மை எங்கே போயிற்று என்று கேட்பதுபோல எனக்குப் படுகிறது. குற்றம் செய்தவன் அழுதுவிட்டால் போதுமா, அவனால் செத்தவர்களுக்கு என்ன கணக்கு? இது அற்பக் கேள்வி இல்லை.

இப்போது வரலாறு

வரலாற்றை வேண்டுமென்றேதான் இவ்வளவு தூரம் தள்ளிவைத்தேன். முதலிலேயே படித்திருந்தால் கதை ஆதாரத் தாளாகிப்போயிருக்கும்.

2 இராஜாக்கள் 14:25-இல் யோனா பென் அமித்தாய் என்ற தீர்க்கதரிசி ஒரே ஒரு தடவை வருகிறார். இரண்டாம் யெரோபெயாம் வட இஸ்ரவேலை ஆண்ட கி.மு. 8ஆம் நூற்றாண்டின் முதல் பாதியைச் சேர்ந்தவர். நினிவே அசீரியர்களின் நகரம், இன்றைய இராக்கின் மோசுல் அருகே. அவருக்குச் சில பத்தாண்டுகள் கழித்து, கி.மு. 722 வாக்கில், அசீரியா வட இஸ்ரவேலை அழித்து மக்களை நாடு கடத்தியது. கி.மு. 701இல் அசீரிய அரசன் சனகெரிப் தெற்கே இருந்த யூதா நாட்டின் லாகீஸ் நகரத்தை முற்றுகையிட்டுப் பிடித்தான். அதை நினிவே அரண்மனைச் சுவரில் புடைப்புச் சிற்பமாகச் செதுக்கிவைத்தான். இப்போது அவை லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. படங்களைத் தேடிப் பாருங்கள்: கழுவேற்றப்பட்ட ஆட்கள், மூட்டை முடிச்சோடு நடந்துபோகும் குடும்பங்கள். பார்த்துவிட்டு மறுபடி நான்காம் அதிகாரத்துக்கு வாருங்கள். யோனாவின் கோபம் வேறு மாதிரி கேட்கும். கதையை முதலில் கேட்டவர்களுக்கு நினிவே என்பது வெறும் ஊர்ப்பெயர் இல்லை.

பெரும்பாலான ஆய்வாளர்கள் இந்தப் புத்தகம் யூதர்கள் பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்ட சிறைவாசத்துக்குப் பிறகு எழுதப்பட்டது என்கிறார்கள். நினிவேயோ கி.மு. 612இலேயே விழுந்துவிட்டது. அசீரிய ஆவணங்களில் 'அசீரியாவின் அரசன்' உண்டு, 'நினிவேயின் அரசன்' என்ற பட்டம் இல்லை. ஊரைக் கடக்க மூன்று நாள் ஆகும் என்கிறது கதை. நகரமதிலின் சுற்றளவே சுமார் 12 கிலோமீட்டர்தான். இதையெல்லாம் குறையாக எடுக்க வேண்டாம். மாடுகூட சாக்குடுத்தி நோன்பிருக்கும் ஊர் இது. எழுதியவருக்குத் தான் எந்த மாதிரி கதை சொல்கிறோம் என்று நன்றாகவே தெரியும்.

மோசுலில் யோனாவின் சமாதி என்று காலங்காலமாக மதிக்கப்பட்ட நபி யூனுஸ் பள்ளிவாசலை 2014 ஜூலையில் ஐ.எஸ். அமைப்பு வெடிவைத்துத் தகர்த்தது.

ரபீக்களோடு உட்காருவது

யூத மரபில் வேதத்தை யாரும் தனியாக வாசிப்பதில்லை; ரபீக்கள் என்ற யூத வேத ஆசிரியர்களின் உரைகள் கூடவே வரும். தொடங்குபவருக்கு ஒரு ஆலோசனை: ரபீக்களின் கதையைக் கேட்டதும் "இது மூலத்தில் இல்லையே" என்று தள்ளிவிடாதீர்கள். மூலத்தில் எந்தச் சொல் இடறி அவர்கள் அங்கே நின்றார்கள் என்று கேளுங்கள். கிட்டத்தட்ட எப்போதும் ஒரு சொல் இருக்கும்.

மீனுக்கு மூன்று தடவை 'தாக்' என்ற ஆண்பால் வடிவமும், நடுவில் ஒரு தடவை 'தாகா' என்ற பெண்பால் வடிவமும் வருகின்றன. 11ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில் வாழ்ந்த ராஷி என்ற உரையாசிரியர் சொல்கிறார்: முதலில் விழுங்கியது ஆண் மீன், உள்ளே தாராளமாக இடம் இருந்ததால் யோனா பிரார்த்தனை செய்யவில்லை. ஆகவே கடவுள் அவரை வயிறு நிறையக் குஞ்சு சுமந்த பெண் மீனுக்கு மாற்றினார். நெருக்கத்தில்தான் வாய் திறந்தது. ஒரு விகுதிக்குள் எவ்வளவு பார்த்துவிட்டார்! அதேபோல, யோனா 'அதன் கூலியை' கொடுத்தார் என்று இருக்கிறது. தன் கூலி இல்லை, கப்பலின் கூலி. அப்படியானால் முழுக் கப்பலையே வாடகைக்கு எடுத்திருக்கிறார், அவ்வளவு பணக்காரர் என்கிறது ரபீக்களின் விவாதங்களைத் தொகுத்த தல்மூத்.

எனக்கு மிகவும் பிடித்தது மிஷ்னாவில், தாஅனித் என்ற பகுதியின் இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. மழை பொய்த்து ஊரே நோன்பிருக்கும் நாளில் மூத்தவர் ஒருவர் எழுந்து சொல்ல வேண்டியது: "சகோதரர்களே, நினிவே மக்களின் சாக்குடையையும் நோன்பையும் கடவுள் கண்டார் என்று எழுதியிருக்கவில்லை. அவர்கள் செயல்களைக் கண்டார், தீய வழியை விட்டுத் திரும்பியதைக் கண்டார் என்றுதான் எழுதியிருக்கிறது." 3:10-ஐப் பாருங்கள், அப்படியேதான் இருக்கிறது. தங்கள் எதிரியின் ஊரைத் தங்களுக்கே பாடமாக வைத்துக்கொண்டார்கள். ஜெருசலேம் தல்மூதில் இதற்கு நேர்மாறான குரலும் உண்டு: நினிவேயின் மனந்திரும்புதல் வெறும் வேஷம் என்று. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் விட்டுவைத்திருக்கிறார்கள். எது சரி என்று தேடி அவசரப்பட வேண்டாம்.

கடைசி இரண்டு வசனங்களை வாய்விட்டு

கடைசிப் படி இது, இதைத் தவிர்க்காதீர்கள். 4:2-3-இல் யோனா கடவுளிடம் பேசும் பேச்சை எபிரேயத்தில் எண்ணினேன்: 39 சொற்கள். 4:10-11-இல் கடவுளின் கடைசிப் பேச்சையும் எண்ணினேன்: அதுவும் 39. இரண்டு தடவை சரிபார்த்தேன். கோபக்காரருக்குக் கிடைத்த அதே அளவு இடம்தான் கடவுளுக்கும்.

அந்தப் பேச்சில் கடவுள் சொல்வது இது: நீ உழைக்காத, வளர்க்காத, ஓர் இரவில் வந்து ஓர் இரவில் போன செடிக்காக இரங்கினாய். வலக்கைக்கும் இடக்கைக்கும் வித்தியாசம் தெரியாத 1,20,000 பேருக்கும் மேல் இருக்கிற பெரிய நகரம் நினிவே. அதற்கு நான் இரங்க மாட்டேனா? 'மாட்டேனா' என்று முடிக்கிறோமே, அந்த 'ஆ' எபிரேயத்தில் இல்லை. கேள்வி என்று காட்டும் எழுத்து எதுவும் அங்கே கிடையாது. குரலை ஏற்றினால் கேள்வி, ஏற்றாமல் விட்டால் "நான் இரங்க மாட்டேன்". கேள்வி என்றுதான் மரபு வாசிக்கிறது, நானும் அப்படித்தான் வாசிக்கிறேன். ஆனால் ஒரு தடவை இரண்டு விதமாகவும் சொல்லிப் பாருங்கள். கி.மு. 612இல் நினிவே உண்மையிலேயே அழிந்ததைத் தெரிந்தவர்கள் கேட்ட கதை இது என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

யூதர்கள் இதை யோம் கிப்பூர் என்ற பாவநிவாரண நாளில், சுமார் 25 மணி நேர நோன்பின் பிற்பகலில், தொண்டை வறண்டு தலை கனக்கும் நேரத்தில் ஜெப ஆலயத்தில் முழுவதும் வாசிக்கிறார்கள். கேள்வியோடு நிறுத்தாமல் மீகா தீர்க்கதரிசியின் புத்தகத்திலுள்ள கடைசி மூன்று வசனங்களையும் சேர்த்துக்கொள்வது வழக்கம். "அவர்கள் பாவங்களையெல்லாம் கடலின் ஆழத்தில் எறிவீர்" என்று அங்கே கடல் மறுபடி வருகிறது. இந்த முறை உள்ளே எறியப்படுவது மனிதர் இல்லை. அதற்கு அடுத்த வசனத்தின் தொடக்கத்தை எபிரேயத்தில் தேடிப் பார்த்தேன். "யாக்கோபுக்கு எமெத்தைக் கொடுப்பீர்" என்று இருந்தது.